அக்காவின் வலது கைக்கு ஒரு பிடி

1

இந்தக் கதை ஒரு கடிதத்தின் நான்காவது பத்தியாகத்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு, இரண்டாவதில் மழை, மூன்றாவதில் என் இருமல். நான்காவதில் 'ஒரு கத்தி வாங்கினேன்' என்று எழுதினேன். அது அங்கே நிற்கவில்லை. ஆறு பக்கம் ஓடியது. ஆறு பக்கத்தையும் உருவி எடுத்து, 'நான்' இருந்த இடத்திலெல்லாம் 'அவன்' என்று மாற்றினேன். மூன்று பத்திக் கடிதம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மிச்சம் உங்கள் கையில்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிற வேலை. அக்காவுக்கு ஐம்பத்தாறு. வேறோர் ஊரில், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் காய் நறுக்குகிறாள். இரண்டு பேரும் தனிக்கட்டை. எதிர் அறைக்காரர் என்று ஒருவரைக் கொண்டுவந்து, தினமும் மாலையில் கதவைத் தட்டி "என்ன சார், சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வைத்தேன். மறுநாள் படித்தபோது பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.

2

தொடக்கம் அ: 'கத்திகள் வரிசையாகத் தொங்கிய அந்தக் கடைக்குள் அவன் நுழைந்தபோது வானம்' (வானத்துக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? விட்டேன்.)

தொடக்கம் ஆ: 'தனிமை என்பது' (இப்படித் தொடங்கிய கட்டுரையை எங்கள் பள்ளியில் எந்த வாத்தியாரும் கடைசிவரை படித்ததில்லை.)

தொடக்கம் இ: போன். இதுதான் சரி.

"கத்தியே பிடிக்க முடியலடா. வலது கட்டை விரல் மூட்டு பந்து மாதிரி வீங்கிக் கிடக்கு. கேரட் நறுக்கினா கத்தி கைக்குள்ளயே உருளுது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"ஆஸ்பத்திரியிலதான்டா வேலை பாக்கறேன். டாக்டர் தினமும் வந்து, என் கையப் பாக்காம சாப்பிட்டுட்டுப் போறார்."

"பிடி தடியா இருந்தா?"

"தடியாவும் இருக்கணும், வழுக்கவும் கூடாது. அதெல்லாம் எந்தக் கடையில விக்குது? மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்கா மேற்பார்வைக்காரம்மா. வேலை போச்சுன்னா வீட்டுல நாலு சுவத்தை நறுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போனை வைத்த பிறகும் அந்த நாலு சுவர் அவன் காதை விட்டுப் போகவில்லை. ஒரு கத்தி வாங்கி, அவள் கைக்கு ஏற்ற பிடியைத் தானே செய்து போடுவது என்று முடிவு செய்தான்.*

* கூர்மையான பொருள்கள் ஏற்கப்படாது என்ற பலகை அலுவலகத்தில் அவன் தலைக்கு மேலேயே தொங்குகிறது. கத்தியை எப்படி அனுப்புவான் என்று நான் இன்னும் யோசிக்கவில்லை. (யோசித்தேன். அனுப்ப முடியாது. யாராவது கொண்டுபோக வேண்டும்.)

3

கத்தியை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். அவசரக்காரர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். நஷ்டம் அவர்களுக்கு.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கத்திகளின் விலையில் பாதி, பிடியின் பளபளப்புக்கு. கழற்றி எறியப்போகிற பிடிக்கு எதற்குப் பணம்? வெளியே கூடையில் கிடந்த மலிவுக் கத்திகளைக் கிளறினான். முதலில் பிடியின் முதுகைப் பார்த்தான். இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே அலகின் இரும்பு கடைசிவரை கோடாக ஓட வேண்டும். ஓடினால், தகடு போனாலும் எலும்பு நிற்கும். கோடு தெரியாத கத்திக்குள் விரல் நீள இரும்புதான் இருக்கும். அதை நம்பி மரம் இழைக்க முடியாது. அப்புறம் ஆணிகளைப் பார்த்தான். கடைசியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அலகு நேராக இருக்கிறதா என்று பார்த்தான்.

"அரை மணி நேரமாத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க," என்றார் கடைக்காரம்மா. "கத்தி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பிடியக் கழட்டிட்டு நானே வேற போடப்போறேங்க."

"இருக்கற பிடிக்கு என்ன கேடு?"

"பிடிக்கிற கை வேற."

"அப்ப ரெண்டா எடுத்துட்டுப் போங்க. முதல் பிடி யாருக்கும் ஒழுங்கா வராது."

"ஒண்ணு போதும். ஒரு ஆளுக்குத்தானே."

(இந்த 'ஒரு ஆளு' அவன் வாயில் முன்பே ஒருமுறை வந்த சொல்.)

4

நேரில் போய் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

ஏழு வருடங்களுக்கு முன்பு அக்காவின் கணவர் இறந்தார். பதினைந்தாம் நாள் அவள் இரண்டு பைகளோடு அவன் அறைக்கு வந்தாள். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். நான்காம் நாள், "இது ஒரு ஆளு ரூமுதானே அக்கா," என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, இடத்தைப் பற்றிய தகவலாகத்தான் சொன்னான். (இந்த வாக்கியத்தை அவனுக்காக மூன்று முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். அதற்குமேல் நல்லவனாக்க முடியவில்லை.) மறுநாள் காலையில் அவனுக்கு இரண்டு நாளைக்கான காயை நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, முதல் பேருந்தில் போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் மட்டும். இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அதனால் அவன் போனில் கேட்டான்: "உன் கையை ஒரு தாள்ல வச்சு, சுத்தி பென்சிலால வரைஞ்சு அனுப்பு."

"என்னடா, திரும்ப ஒண்ணாங்கிளாஸா?"

ஆனாலும் நான்கு நாளில் வந்தது. ஏதோ ஒரு நோயாளியின் பத்திய அட்டவணைக்குப் பின்பக்கத்தில் ஒரு கை. கோடு அங்கங்கே நடுங்கியிருந்தது. விரல்கள் மட்டும் மெலிந்து நேராக இருந்தன. கட்டை விரல் மூட்டில் வீக்கமே இல்லை. 'வடிஞ்சிடுச்சு போல' என்று அவனுக்கு நிம்மதி. அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, ஆணியில் மாட்டினான். அந்த அறைக்கு ஏழு வருடத்தில் வந்த முதல் விருந்தாளி அந்தக் கைதான்.

5

அவன் அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் ஏழு வருடமாகச் சட்டைகள்தான் உட்கார்ந்திருந்தன. அதன் ஒரு காலை அறுத்தான். நல்ல மரம். பழைய ஆணிகளின் தலையை அரத்தால் தேய்த்துத் தகடுகளைக் கழற்றினான். மரத்தை இரண்டு பட்டையாக்கி, துளை போட்டு, பசை தடவி, பித்தளைக் கம்பிகளை அடித்து இறுக்கினான். பிறகு தினமும் அலுவலகம் விட்டு வந்து அரம், உப்புத்தாள், மறுபடி உப்புத்தாள். அட்டைக் கையை அளவாக வைத்துக்கொண்டு குறைத்தான். அந்த விரல்களுக்குத் தடிமன் தேவைப்படவில்லை. பிடி மெல்லியதாக, அழகாக வந்தது.

ஒரு ஞாயிறு மதியம் முடிந்தது. பக்கத்தில் தன் கையையும் வரைந்து பார்க்கலாமே என்று தோன்றியது. காரணமொன்றும் இல்லை. அட்டையைத் தாளில் வைத்து, ஒட்டினாற்போல் தன் கையை வைத்து, சுற்றி வரைந்தான். பென்சிலைக் கீழே வைக்கப்போனவன் அப்படியே நின்றான்.

தாளின் மேல் இருந்தது அவனுடைய இடது கை. பென்சில் இருந்தது வலது கையில்.

அக்காவும் வலது கைக்காரிதான்.

6

"அக்கா, நீ வரைஞ்சு அனுப்பினது எந்தக் கை?"

"கைய அனுப்புன்ன. அனுப்பினேன்."

"இடதா, வலதா?"

யோசித்தாள். "இடதுதான். வலது கையில பென்சில் இருந்துச்சேடா. அதப் பிடிக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

கோடு ஏன் நடுங்கியிருந்தது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"வீங்கினது வலது, அக்கா."

"அட ஆமா!" சிரித்தாள். சிரிப்பு நின்றது. "வலது கைய வரையணும்னா பென்சில யாருடா பிடிக்கறது?"

"பக்கத்துல யாராவது..."

"யாரு?"

(எதிர் அறைக்காரரை அடித்திருக்க வேண்டாமோ?)

"விடுடா," என்றாள். "அந்த அட்டையத் தூக்கிப் போட்டுடாத. என் கை ஒண்ணாவது உன் ரூம்ல இருக்கட்டும்."

7

மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மறுபடி அதே கடைக்குப் போனான். கடைக்காரம்மா, "சொன்னேன்ல?" என்று இன்னொரு கத்தியை எடுத்து வைத்தார். "மரம் இருக்கா?"

"நாற்காலிக்கு இன்னும் மூணு கால் இருக்குங்க."

இனி முடிவு.

முடிவு அ: மேற்பார்வைக்காரம்மா மனமிரங்கி, தானே பென்சிலை எடுத்து அக்காவின் வலது கையை வரைகிறாள். (இவ்வளவு பெரிய பொய் என் கைக்கு வரவில்லை.)

முடிவு ஆ: அக்கா இடது கையால் கோணல்மாணலாக வரைந்து அனுப்புகிறாள். அவன் உத்தேசமாகச் செய்கிறான். பொருந்துகிறது. (கதைக்குப் பொருந்தும். கைக்குப் பொருந்தாது.)

முடிவு இ: இரண்டாவது கத்தி, ஒரு மரத்துண்டு, அரம், பென்சில் எல்லாவற்றையும் பையில் போட்டு அவனைப் பேருந்து நிலையம்வரை கொண்டுபோனேன். அதற்குமேல் முடியவில்லை. அவன் போய்க் கதவைத் தட்டி, "நாலு நாள் இருக்கட்டுமா அக்கா?" என்று கேட்டு, அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஆளு வீடுடா," என்று

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். ஒரு தாள் எடுங்கள். ஒரு பென்சில். நீங்கள் எழுதுகிற கையைத் தாளில் விரித்து வையுங்கள். இப்போது வரையுங்கள். பக்கத்து அறையிலிருந்து யாரையாவது கூப்பிட்டீர்கள் என்றால், பென்சில் விரலிடுக்கில் போகும்போது கூசும், சிரிப்பு வரும். அதையே முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட ஆளில்லை என்றால், கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள். நானும் வைத்திருக்கிறேன்.

மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துவிட்டேன். நலம் விசாரிப்பு, மழை, இருமல். நான்காவது பத்தி:

அக்கா, பென்சிலை நான் வந்து