முப்பத்துநாலு மதிப்பெண்

ஹோ நகரத்து மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். எனியோனமின் பெயர் அதில் இல்லை. கணக்கில் முப்பத்துநாலு. வகுப்பில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

"வாயில மேதை, பேப்பர்ல முட்டை!" என்றான் செனானு. போன வாரம்வரை நோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் அலைந்தவன்.

"முட்டை இல்லடா, முப்பத்துநாலு. எண்ணக்கூடத் தெரியல உனக்கு," என்று சொல்லிவிட்டு, நேரே தலைமையாசிரியை அப்லாவின் அறைக்குப் போனாள்.

சின்ன வயதிலிருந்தே எழுத்தும் எண்ணும் அவள் கண்முன் இடம்மாறி உட்கார்ந்துகொள்ளும். சோம்பேறி என்றார்கள். கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். போன வருடம் தலைநகர் அக்ராவிலிருந்து வந்த உளவியல் நிபுணர் ஒருவர் இரண்டு நாள் சோதித்துவிட்டு, வாசிப்பில் குறைபாடு, அறிவோ வயதுக்கு மீறியது என்று எழுதித் தந்தார். அம்மா அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனியோனமுக்கு அழுகை வரவில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்திருந்ததைத்தான் அந்த மனிதரும் சொல்லியிருந்தார்.

அவள் நீட்டிய அந்தக் காகிதத்தை அப்லா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு கெட்டிக்காரியா இருக்கணும், இல்ல மக்கா இருக்கணும். ரெண்டும் எப்படிம்மா?"

"மக்கு இல்ல மேடம். படிக்கிறதுல மெதுவு, யோசிக்கிறதுல வேகம். ரெண்டும் நான்தான். என் பேப்பர எடுத்துப் பாருங்க."

அப்லா விடைத்தாளை வரவழைத்தார். சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு. ஏணியின் நீளம் ஆறரை மீட்டர், 6.5. அவள் 5.6 என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வரியில்கூடப் பிழையில்லை.

"இன்னொருத்தர் கணக்கச் சரியாப் போட்டிருக்கியே," என்றார் அப்லா. குரலில் லேசான சிரிப்பு.

"நீங்க வாசிங்க மேடம், நான் சொல்றேன்."

"சரி. ஆறரை மீட்டர் ஏணி. அடி, சுவத்துலேருந்து ரெண்டரை மீட்டர் தள்ளி இருக்கு. இன்னும் ஒரு மீட்டர் இழுத்தா நுனி எவ்வளவு இறங்கும்?"

எனியோனம் கண்ணை மூடினாள். ஏணி சறுக்குவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆறு மீட்டர்ல இருந்துச்சு. அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இறங்கும்."

அப்லா தாளில் போட்டுப் பார்த்தார். விடை சரிதான். அடுத்தடுத்து ஏழு கேள்விகள் வாசித்தார். ஆறுக்கு உடனே பதில் வந்தது. நிகழ்தகவுக் கேள்விக்கு மட்டும் அவள் தலையை ஆட்டினாள்.

"இது தெரியாது மேடம். எழுத்து மேல பழி போட மாட்டேன், இந்தப் பாடத்த நான் படிக்கல."

அந்தப் பதில்தான் அப்லாவை அசைத்தது. பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் அவள் பெயரை எழுதினார். தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்.

"இங்க நான் ஏற்பாடு பண்றேன். பல்கலைக்கழகத்துல யாரு வாசிப்பாங்க?"

"அங்கயும் இப்படித்தான் போய்க் கேப்பேன், மேடம்."

"கேப்ப, கேப்ப! ஓடு, இயற்பியல் வகுப்பு ஆரம்பிச்சாச்சு."

எனியோனம் போனபோது ஆசிரியர் கரும்பலகையை நிறைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "சார், நான் இந்த வகுப்புதான். எழுதுறத வாசிச்சுக்கிட்டே எழுதுங்க, அப்பதான் எனக்குப் பிடிபடும்," என்றாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் முன் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.