ஃபியூஸ் டியோனிசியோவின் பையில்

மேயரின் கால் கறுத்துக்கொண்டே வந்தது. பிலிப்பினோ மாலுமிகளிடையே கப்பலின் தலைமைச் சமையல்காரருக்கு மேயர் என்றுதான் பேர். இந்த மேயர் கிரிஸ்புலோ, துருப்பிடித்த தகடு கிழித்த காயத்தோடு காய்ச்சலில் கிடந்தார். இருந்த கொஞ்சநஞ்ச அரிசியையும் மற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டு விழுந்தவர்.

முதலாளி கப்பலை வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே அம்போவென்று விட்டுவிட்டுத் தலைமறைவாகி மாதங்களாகிவிட்டன. கேப்டனும் ஊருக்கு நழுவிவிட்டார். மிச்சமிருந்தவர்களில் பெரியவன் இரண்டாம் அதிகாரி டியோனிசியோதான்; கப்பலில் எல்லோருக்கும் அவன் 'செகண்ட்'. டாக்டரை அனுப்பச் சொல்லி, கப்பல் பதிவான நாட்டின் அலுவலகத்துக்கு அவன் கெஞ்சாத நாளில்லை. பதில் சொல்ல நாதியில்லை. துறைமுகமோ, ஏஜென்ட் இல்லாமல் யாரையும் கரையேற்ற முடியாது என்று கையை விரித்தது.

சுக்கான் அறையிலிருந்த பெட்டி ஒன்று மட்டும் சளைக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், கப்பல் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அதே அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நாம எங்க கெடந்து சாகறோம்னு தெரிஞ்சுக்க மட்டும் என்ன ஒரு அக்கறை," என்று பல்லைக் கடித்தான் டியோனிசியோ. பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அந்த அலுவலகம் தானாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"உங்க சிக்னல் வரல. இது சட்டப்படி குத்தம், தெரியுமா?"

"இங்க ஒருத்தர் கால் அழுகிக்கிட்டிருக்கு. அது எந்தச் சட்டத்துல வருது சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட். பெட்டி ரிப்பேரா?"

"ஆமா சார். செத்துப் போச்சு."

மத்தியானமே படகு வந்துவிட்டது. இறங்கியவர் டாக்டர் இல்லை, மெக்கானிக். கையில் புத்தம்புதுப் பெட்டி. ஒரு மாத்திரை அனுப்ப வக்கில்லாதவர்களுக்கு இதற்கு மட்டும் அரை நாள் போதுமாயிருந்தது. டியோனிசியோ சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

"பழைய பெட்டியே நல்லாத்தான் இருக்கு. ஃபியூஸ் எங்கிட்ட இருக்கு. மேயர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கற போட்டோ வரட்டும், மாட்டுறேன். உங்க ஆபீஸ்ல அப்படியே சொல்லுங்க."

மெக்கானிக் மேயரின் கறுத்த காலைப் பார்த்தார். போனை எடுத்து ஆபீஸைக் கூப்பிட்டார். வெகுநேரம் வாதாடிவிட்டு வந்து, புதுப் பெட்டியைத் திரும்பப் படகில் வைத்தார். "ஏஜென்ட் வேலைய ஆபீஸே பாத்துக்குமாம். ஏத்துங்கப்பா," என்றார்.

படகில் இறக்கும்போது மேயர் முனகினார். "அரிசிப் பானை காலி, செகண்ட். பசங்க என்னத்தத் தின்பாங்க?"

சாயங்காலம் போட்டோ வந்தது. வெள்ளைப் படுக்கை, கட்டுப்போட்ட கால், மேயரின் அரைச் சிரிப்பு. டியோனிசியோ சுக்கான் அறைக்குப் போனான். ஃபியூஸைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

சற்றைக்கெல்லாம் போன் அடித்தது.

"போட்டோதான் வந்துடுச்சே. இன்னும் மாட்டலையா?"

"அரிசி வரட்டும் சார்."