மேட்டில் நிற்காத வண்டி

ஜப்பான்காரன் செய்த எதையும் நான் வீட்டுக்குள் சேர்த்ததில்லை. பொம்மையானாலும் சரி, குடையானாலும் சரி. என் மனைவி சரஸ்வதி ஒருமுறை சிராங்கூன் ரோட்டில் மலிவாகக் கிடைத்ததென்று பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் வாங்கி வந்தாள். அடியில் இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு அத்தனையையும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்தேன். "இதுக்கு என் தலையிலயே போட்டு உடைச்சிருக்கலாம்" என்றவள் அப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். எங்கள் வீட்டில் கண்மணி அக்கா இருந்தாள். அவள் கண்ணில் அந்த முத்திரை படக்கூடாது.

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்களுக்குப் பால் வியாபாரம். வீடும் கொட்டகையும் பள்ளத்தில் இருந்தன. மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் செம்மண் மேடு ஒன்றை ஏறியாக வேண்டும். வெயிலில் புழுதி, மழையில் முழங்கால் சேறு. மழை நாளில் சாதாரண லாரி அதில் ஏறாது. சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட இங்கிலீஷ் வண்டி ஒன்றை வாங்கிப்போட்டிருந்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். அது ஓடியதால்தான் விடிவதற்குள் சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் பால் போனது. சிக்லாப் பக்கம் மண்ணைத் தோண்டத் தோண்ட எலும்பாக வந்ததே, ஜப்பான்காரன் கொன்று புதைத்தவர்களின் எலும்பு, அந்த வருஷம் மழை தொடங்கும்போது எங்கள் வண்டியும் உயிரை விட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் முத்துசாமி மச்சான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு மாடுகளோடு கிடந்தார். ஒரு மழை நாளில் லாரி வந்து, கையில் அகப்பட்ட ஆண்களையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனது. நான் அப்போது ஜாலான் புசாரில் ஒரு கடையில் தங்கி வேலை பார்த்தேன். செய்தி கேட்டு ஓடி வந்தபோது மேட்டில் டயர் தடம் மட்டும்தான் இருந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் ஒருவர், மச்சான் காலராவில் போய்விட்டார் என்றார். இன்னொருவர், பர்மா எல்லையில் உயிரோடு பார்த்ததாகச் சொன்னார். அக்கா முன்னவரை வாசலோடு அனுப்பினாள். பின்னவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டாள். தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை நிறுத்தவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழோடு வரும் பெண்களுக்கு அவள் முன்னால் வந்ததும் கை தயங்கும். நான் ஆண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். எவளாவது அவளைத் தாண்டிப் போனால் அந்த வீட்டில் கை நனைக்காமல் கிளம்பிவிடுவேன். மச்சான் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லும் தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மேட்டில் எந்த லாரி ஏறும் சத்தம் கேட்டாலும் அக்கா கறந்துகொண்டிருக்கும் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். சத்தம் மெயின் ரோட்டில் கரையும்வரை நிற்பாள். உதடு மட்டும் அசையும். பக்கத்தில் போய் நின்றால் பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிடும். அவளோடு இன்னும் ஒருவர் நின்று கேட்பது போலவே இருக்கும். எங்கள் வண்டியில் வரும்போதும் முன்னால் உட்கார மாட்டாள். பின்பக்கம், பால் கேன்களுக்கு நடுவில், விட்டு வந்த பாதையைப் பார்த்தபடி உட்காருவாள். கேன் சாயாமல் பிடித்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

வண்டியைப் பார்க்க ஜாலான் புசாரிலிருந்து நாகூர் கனி பாய் வந்தார். வண்டிச் சாமான் கடை வைத்திருப்பவர், எனக்கு அந்தக் காலத்து சிநேகிதர்.

"இன்ஜின் முடிஞ்சுது, துரைசாமி. இனிமே இதுக்குச் செலவு பண்றது செத்தவனுக்கு வைத்தியம் பாக்கற மாதிரி."

"அப்ப புது இங்கிலீஷ் வண்டியே எடுத்துடுவோம், பாய்."

"எடுக்கலாமே. பாதி மாட்டை வித்துட்டு வா." பாய் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "ஜப்பான் ஜீப் ஒண்ணு வந்திருக்கு. பாதி வெலைதான்லா. அதுவும் நாலு சக்கரமும் இழுக்கும்."

"தகர டப்பா."

"நீ ஓட்டிப் பாத்தியா?"

"விஷத்தைக் குடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாய் வித்த காசு குரைக்குமா? ஜப்பான் வண்டி மட்டும் ஜப்பான் பாஷையா பேசப்போவுது? ஒளிக்காம சொல்றேன் கேளு. தகடு மெல்லிசு. ஸீட்டு கட்டை. அஞ்சு வருஷத்துல துரு புடிக்கும். ஆனா இன்ஜினும் கியரும் சுத்தமா இருக்கு. இங்கிலீஷ்காரன் பேருக்கும் சேத்துக் காசு வாங்கறான், அவ்வளவுதான்."

"பாதி மேட்டுல படுத்துடும், பாய். எழுதி வெச்சுக்கோங்க."

"எழுதவெல்லாம் வேணாம், ஏத்தியே பாத்துடுவோம். குவாரி அப்துல் ஹமீது புது இங்கிலீஷ் வண்டி எடுத்திருக்காரு. ரெண்டையும் உங்க மேட்டுலயே விடுவோம். அப்புறம் நீ பேசு."

அக்கா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாய் போன பிறகு வந்தாள். ஜப்பான் என்ற பேச்சுக்கே அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அந்த வண்டி நெசமாவே நின்னுடுமா, தம்பி?"

"பின்ன? மலிவு சாமான் வேற என்னக்கா செய்யும்?"

"சேறா இருந்தா?"

"சேறா இருந்தா வழுக்கிக்கிட்டுக் கீழயே வந்துடும்."

அவள் முகம் மலர்ந்தது. மச்சான் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "அப்ப அதுல நான் ஏறிப் பாக்கறேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் வண்டியோடு வருவதாகச் சொன்ன அன்று காலையில் தலைக்குக் குளித்து, சரஸ்வதியிடம் மல்லிகைச் சரம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டியின் அடியில் கிடந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரஸ்வதி அடுப்படியிலிருந்து என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். "எனக்கு பயமா இருக்குங்க" என்றாள். எனக்கும்தான்.

காலையெல்லாம் மழை கொட்டியிருந்தது. மேடு களிமண் குழம்பாகக் கிடந்தது. முதலில் ஹமீதின் இங்கிலீஷ் வண்டி, தண்ணீர் நிரப்பிய கேன்களோடு ஏறியது. கோயில் யானை படியேறுவது போல நிதானமாக ஏறி உச்சியில் போய் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால், அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அடுத்தது ஜப்பான் ஜீப். அதே அளவு கேன்களை இதிலும் ஏற்றினோம். பாய் ஓட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டை ஸீட்டு என்று அவர் சொன்னது பொய்யில்லை. அக்கா பின்பக்கம் ஏறி, கேன்களுக்கு நடுவில், வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பாதி மேட்டில் சக்கரம் சேற்றில் சுழன்றது. வண்டி ஒரு பக்கமாக வழுக்கி, குலுங்கி, நின்றேவிட்டது.

"சொன்னேன்ல!" என்று பாயின் தோளில் அடித்துவிட்டுப் பின்னால் திரும்பினேன்.

அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஆனால் இறங்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி, வேறொருவர் இறங்க வழி விடுவது போல, பின் பலகையைக் கையால் தாழ்த்திப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எறங்குங்க" என்றாள், மெதுவாக. "நின்னுடுச்சு. சீக்கிரம் எறங்கி ஓடுங்க."

அந்த இடத்தில் யாரும் இல்லை. பாய் அவளைப் பார்க்கவில்லை. அவர் கவனமெல்லாம் கியரில் இருந்தது. சின்ன கியர் கம்பியை இழுத்துப் போட்டு மெல்ல மிதித்தார். நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணைக் கவ்வின.

"நிறுத்துங்க! அவரு இன்னும் எறங்கல! நிறுத்துங்க!"

நான் பாயின் கையைப் பிடிப்பதற்குள் வண்டி முக்கி முனகி உச்சிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இங்கிலீஷ் வண்டி நின்றிருந்தது. அக்கா கேன்களுக்கு நடுவில் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இதுவும் நிக்கல" என்றாள்.

நான் இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்தேன். "வேணாம்க்கா. இந்தச் சனியன் நமக்கு வேணவே வேணாம். மச்சானைத் தூக்கிட்டுப் போனவன் வண்டி நமக்கு எதுக்கு?"

"அது இங்கிலீஷ் வண்டிடா."

"எது?"

"உன் மச்சானைத் தூக்கிட்டுப் போன லாரி. வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போனது. கொடி மட்டும்தான் ஜப்பான்காரனோடது. நம்ம பழைய வண்டி இருக்குல்ல, அதே சத்தம்."

பாய் இன்ஜினை நிறுத்தினார்.

"அன்னிக்கும் இதே சேறு. அவருதான் கடைசியா ஏறினாரு, பின்னாடி உக்காந்து என்னையே பாத்துக்கிட்டுப் போனாரு. மாரியாத்தா, பாதி மேட்டுல நிறுத்திடு தாயேன்னு வேண்டினேன். நின்னிருந்தா குதிச்சு லாலாங் புல்லுக் காட்டுக்குள்ள ஓடியிருப்பாரு. நிக்கவே இல்லடா தம்பி. நல்ல வண்டி."

நான் வாங்கிய வண்டியில், அந்தச் சத்தத்தில், இத்தனை வருஷமும் அவளை நாள் தவறாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். "ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"அவரு உக்காந்த மாதிரி உக்காந்தா, கடைசியா அவரு பாத்ததை நானும் பாக்கலாம்ல? ஒவ்வொரு தடவையும் வீடு சின்னதாயிட்டே போவும்." சேலைத் தலைப்பால் சேற்றுக் கையைத் துடைத்தாள். "கொஞ்சம் மட்டமான லாரியா இருந்திருந்தா வந்திருப்பாரு, கொஞ்சம் மட்டமா இருந்திருந்தா வந்திருப்பாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது மட்டம்னு நீ சொன்ன. இதுவும் ஏறிடுச்சு. அப்ப எது வந்திருந்தாலும் ஏறித்தான் இருக்கும், இல்ல?"

நாகூர் கனி பாய் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே, "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். ஒருவர் இறந்த செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது அது. அன்றுவரை மச்சானுக்காக யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"இதையே வாங்கு, தம்பி" என்றாள். "மாட்டை வித்துப் பேரை வாங்காதே."

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வாசலுக்கு வந்தது. பாய் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். எங்கள் வீட்டில் கன்று பிறந்தாலும், வண்டி வந்தாலும், ஆரத்தி எடுப்பது அக்காதான். வீட்டுக்கு மூத்த சுமங்கலி அவள். இதில் சரஸ்வதிக்கு உள்ளூர பயம் உண்டு. ஆனால் என் வாய்க்கு அதைவிட அதிகமாகப் பயப்படுவாள். வழக்கம் போல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டில் கற்பூரம் வைத்துக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா தட்டை வாங்கவில்லை.

"நீயே எடு, சரசு."

"என்ன அண்ணி, எப்பவும் நீங்கதானே..."

"இனிமே நான் எடுக்கக் கூடாதும்மா."

சொல்லிவிட்டு வாசலை விட்டு விலகி, கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம், வண்டிக்கு எதிரே வராதபடி போய் நின்றுகொண்டாள். சரஸ்வதி தட்டோடு என்னைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் நான். அக்காவைத் தாண்டிப் போன ஊர்ப் பெண்களையெல்லாம் திட்டித் தீர்த்தவன். "அக்கா, வந்து எடு" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அவளை மறுபடியும் அந்த மேட்டிலேயே நிறுத்திவைத்ததாகும் என்று தோன்றியது. சரஸ்வதியைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவள் கற்பூரத்தை ஏற்றித் தட்டைச் சுற்றத் தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா வாய்விட்டு அழுவது கேட்டது. மச்சானை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் சாவியைப் பாயிடமே கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.