சுத்தமான கார்புரேட்டர்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் கோஸ்டாவின் முகம் மாறியது. நோலீன் தேநீரைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, "என்ன, உடைஞ்சிருக்கா?" என்றாள்.

அவன் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனான்.

அவள் கணவன் லாயிட் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுடைய புல்வெட்டும் இயந்திரம் ஷெட்டில் பூட்டிக் கிடந்தது. டாங்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி உள்ளே அப்பியிருக்கும், கழுவினாலும் போகாது என்றுதான் கோஸ்டா புது கார்புரேட்டரே வாங்கி வந்திருந்தான். அதை மாட்டி இயந்திரத்தை ஊர் கால்பந்து கிளப்புக்குக் கொடுத்துவிட்டால் ஷெட் காலி. அப்புறம் வீட்டை விற்றுவிட்டு, நோலீன் அவன் மனைவியாகக் கடலோரத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆனால் கிண்ணம் பளபளவென்றிருந்தது. அடியில் கொஞ்சம் பெட்ரோல், நேற்று ஊற்றியதுபோல.

"இதை யாரோ ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க, நோலீன்."

"யாரும் தொடலையே."

"ஷெட் சாவி உன்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொன்னே." அவன் குரலை உயர்த்தவில்லை. முதல் மனைவி வருடக்கணக்காகச் சொன்ன பொய்களை நோலீனிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தான். இன்னொரு முறை அதை மட்டும் தாங்க முடியாது என்றும். "யாராவது வந்து போறாங்கன்னா இப்பவே சொல்லிடு. சண்டை போட மாட்டேன். கிளம்பிடறேன்."

நோலீனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாசலில் தெருவோரப் புல்லைக்கூட எதிர்வீட்டு டெஸ்தான் வெட்டிவிடுகிறார், நம்பாவிட்டால் அவரையே கேள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கிழவர் டெஸ் வீட்டின் பின்புறம் உட்கார்ந்து ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"என் இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு நான் புல் வெட்டறேனா? நீதானேம்மா ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வெட்டறே. அதுக்குத்தானே எலுமிச்சம்பழம் பறிச்சு உன் கேட்ல வெக்கிறேன்."

"அப்போ நான் உங்க வாசல்ல வெச்ச பீரெல்லாம்?"

"குடிச்சேன். வேற என்ன பண்றது?"

அந்தத் தெருவில் அப்படித்தான். ஒருவர் வாசல் புல்லை அக்கம்பக்கத்தில் இருப்பவர் சேர்த்து வெட்டிவிட்டால், போய் நின்று நன்றி சொல்வது இருவருக்குமே சங்கடம். வாசலில் எதையாவது வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதனால் இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

அவள் வெட்டுவதைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று கோஸ்டா கேட்டான். சனிக்கிழமை காலையில் தான் பின்புறமே இருப்பதால் சத்தம் மட்டும் கேட்கும் என்றார் டெஸ். சனிக்கிழமை காலையென்றால் நோலீன் எப்போதும் பேக்கரியில் வேலையில் இருப்பாள். இன்றுதான் விடுப்பு. டெஸ்ஸின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சத்தத்தை வெச்சு, லாயிட் மாதிரியே ஓரத்துல ரெண்டு தரம் போறியேன்னு நினைச்சேன்" என்றவர் ரேடியோவை அணைத்தார்.

வீட்டுக்குத் திரும்பி இருவரும் மேசையருகே உட்கார்ந்தார்கள். ஆறிப்போன தேநீருக்குப் பக்கத்தில், செய்தித்தாள்மேல், ஷெட்டில் இயந்திரத்திலிருந்து கழற்றி வந்த கார்புரேட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. புதியது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

ஷெட்டுக்குள் யாரோ இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார்கள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள். அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சத்தம் வீட்டின் பக்கச்சுவரை ஒட்டிக் கடந்து தெருவுக்குப் போனது. போய்த் திரும்பியது. தெருவைக் கடந்து டெஸ்ஸின் பக்கமும் போய்வந்தது. கோஸ்டா நோலீனின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. சத்தம் ஷெட்டுக்கே வந்து அடங்கிய பிறகுதான் எழுந்தார்கள்.

தெருவின் இருபுறமும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஷெட்டின் பூட்டு பூட்டியபடி தொங்கியது. உள்ளே, கார்புரேட்டரைக் கழற்றிய துளையில் கோஸ்டா அடைத்த துணி அப்படியே இருந்தது. எஞ்சினில் விரலை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான். கொதித்தது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றான். விரலை உதறிவிட்டு, "இன்னும் என்கூட வர்றியா?" என்றான்.

நோலீன் இயந்திரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"லாயிட், போதும். களைச்சுப்போயிருப்பே" என்றாள். "நான் இவனோட போறேன். நல்லவன்தான். கொஞ்சம் சந்தேகப்பிராணி, அவ்வளவுதான்."

பிறகு கோஸ்டாவை நிமிர்ந்து பார்த்தாள். "வர்றேன். ஆனா சூடா இருக்கறப்போ விட்டுட்டுப் போக மனசு வரலை. ஆறட்டும், போலாம்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவ்வப்போது கையை நீட்டித் தொட்டுப் பார்த்தான். கூரைத் தகரத்தில் வெயில் ஏறி, உச்சியைக் கடந்து, இறங்கியது. எஞ்சின் ஆறவில்லை.