வெளிச்ச உபயம்

காரின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத்தைக் கழற்ற அழகருக்கு அன்று விடியற்காலை முழுவதும் போயிற்று. மனைவி நிரஞ்சலாவின் முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினான். இடுக்கில் மீன் பிடிக்கும் தங்கூசி நூலைக் கொடுத்து இரு பக்கமும் இழுத்தான். சின்னம் கையோடு வந்தது. வந்த இடத்தில் அதே வடிவம் பளிச்சென்று நின்றது. வெயிலே படாத பெயின்ட்.

"முந்தியவிட நல்லா தெரியுது," என்றாள் நிரஞ்சலா. படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள்.

அந்தச் சின்னம் கார் கம்பனி சேர்மனின் கையெழுத்தில் முதலில் வரும் எழுத்து. கார் வாங்கிய அன்று தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பூசை போட்டார்கள். வண்டிக்கு நெற்றி எது என்று பூசாரி கொஞ்ச நேரம் தேடினார். பிறகு அந்த எழுத்தின் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். ஆயுத பூசைக்கும் அங்கேதான். அப்போது யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

"ரெண்டு வருசமா அந்தாளு நெத்தியிலதான் பொட்டு வச்சிருக்கோம்," என்றான் அழகர்.

"இப்ப கழட்டிட்டா வச்சது இல்லன்னு ஆயிருமா? ஏறுங்க, நேரமாச்சு."

ஏறி பட்டனை அழுத்தினான்.

"வணக்கம். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்," என்றது கார்.

சேர்மனின் குரல். எழுதி வைத்துப் படித்த தமிழ். ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கலாம், இதைக் குறைக்க முடியாது. சர்வீஸ் போடும் இடத்தில் கேட்டுப் பார்த்தான். அது கம்பனி உள்ளே வைத்தது, எடுக்க ஏலாது என்றார்கள்.

இந்தக் குரலுக்காகத்தான் அவன் இந்தக் காரை வாங்கினான் என்றுகூடச் சொல்லலாம். அரசாங்க ஆபீஸில் தமிழில் ஒரு கடிதம் வாங்கவே நாலு கதவு தட்ட வேண்டிய இடத்தில், கார் தமிழில் வணக்கம் சொன்னது. ஹாலிஎல டவுனில் அவன் வைத்திருப்பது போன் திருத்தும் கடை. யாராவது காரைப் பற்றிக் கேட்டால் கையிலிருக்கும் போனை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவான். ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவான். அவன் பேச்சை நம்பி வாங்கியவர்கள் நிரஞ்சலாவின் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறார்கள்.

அவன் பிறந்தது மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். லயத்தை விட்டு இறங்கி வெகுகாலமாகிவிட்டது. அங்கே அவனுக்கென்று மிச்சமிருந்தது ஒன்றுதான். மாரியம்மன் தேருக்கு வெளிச்சம் கொடுக்கும் உபயம். ஒரு குடும்பத்துக்குப் பூ, ஒரு குடும்பத்துக்குப் பானகம், அவன் குடும்பத்துக்கு வெளிச்சம். தாத்தா தீவட்டி பிடித்தார். அப்பா பெற்றோமாக்ஸ் தூக்கினார். அவன் காலத்தில் ட்ராக்டர் பெட்டியில் ஜெனரேட்டர் வந்தது. தேருக்குப் பின்னால் வரும் பால்குடப் பெண்கள் அதன் புகையில் இருமிக்கொண்டே வருவார்கள்.

பிறகு இந்த பேட்டரி கார் வந்தது. தேருக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்தபடியே கரண்ட் கொடுத்தது. சத்தமில்லை, புகையில்லை. அம்மன் முகத்தில் விளக்கு நடுங்கவில்லை. பிள்ளைகள் காரைச் சுற்றி நின்று, அது வணக்கம் சொன்னதும் "வணக்கம் ஐயா" என்று கூட்டமாகக் கத்தினார்கள். போன வருடம் கம்பனிக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். தேர், விளக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்கும் அழகர் எல்லாம் விளம்பரத்தில் வந்தது.

அப்புறம் அந்த மழை. மலை இறங்கி ஆறாம் நம்பர் லயத்தை மூடியது. கடைசி வீட்டுக் காம்பராவில் இருந்தவர்களை எடுக்க முடியவில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலை ஸ்டோரில், முன்பு கொழுந்து வாட்டிய தளத்தில், சாக்கு மறைப்புக்குள் இருந்தார்கள். கரண்ட் வரும்வரை கார் ரோட்டோரத்தில் நின்று எல்லோருடைய போனுக்கும் சார்ஜ் கொடுத்தது. அந்த நாட்களில் அழகர் காரை மனிதரைப் போலத் தட்டிக்கொடுத்தான்.

தோட்டமும் அதே சேர்மனின் கையில்தான் இருந்தது. போர்டில் வேறு பெயர் என்பதால் யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. டிவியில் நிருபர் ஒருத்தி அவரிடம் கேட்டாள், சரிவில் இருக்கிறவர்களுக்கு வீடு எப்போது என்று. அவர் சிரித்தார்.

"அவர்களுக்கு மலைச்சரிவுதான் பழக்கம். வீடு கட்டிக் கொடுத்தால் அதில் ஆட்டைக் கட்டுவார்கள்."

அந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு அன்றே இரண்டானது. கொழும்பு டாக்டர் ஒருவர் காரை விற்றுவிட்டுப் படம் போட்டார். ஒருவர் கார் கண்ணாடியில் ஒட்ட, தெரியாமல் வாங்கிவிட்டோம் என்று மன்னிப்பு ஸ்டிக்கர் அச்சடித்தார். கார் வேறு, ஆள் வேறு என்றார்கள் சிலர். எப்போதும் முதலில் எழுதும் அழகர் எதுவும் எழுதவில்லை. பழைய விளம்பரத்தை யாரோ தேடியெடுத்துப் பரப்பினார்கள். சேர்மன் பேசுவதும் அழகர் சிரிப்பதும் அடுத்தடுத்து வந்தன.

அவனும் விற்க முடிவு செய்தான். வெலிமடை மரக்கறி வியாபாரி முன்ஸிப் குறைந்த விலைக்குக் கேட்டிருந்தார். "என்ட லீக்ஸுக்கும் கேரட்டுக்கும் அந்தாள் பேசினது வெளங்காது. நீங்க தாங்க," என்றார். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. அதற்கு அடுத்த வெள்ளி தேர்.

அதைச் சொல்லத்தான் நிரஞ்சலாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு மேலே போனான். பழைய ஸ்டோர் வாசலில் மாடசாமி வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தான். அழகரோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது கோயில் கமிட்டித் தலைவன்.

"என்னா மச்சான், வண்டிக்கு மூக்க அறுத்துட்ட?"

"கழட்டிட்டேன். வண்டியவே குடுக்கப் போறேன். இந்த வருசம் ஜெனரேட்டருக்கு நானே சொல்லிர்றேன். உபயம் நம்ம பேர்லதான் இருக்கும்."

மாடசாமி நாரைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. "வண்டி பழுதா?"

"பழுதில்ல. அவன் பேசுனதுக்கு அப்புறம் அத எப்பிடிடா அம்மன் தேருக்குப் பின்னால கொண்டாறது? உங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

உள்ளே சாக்கு மறைப்பை விலக்கிக் கருப்பம்மா வந்தாள். ஆறாம் நம்பர் லயத்தில் இருந்தவள். மண் அவள் காம்பராச் சுவரோடு நின்றுபோயிற்று. முழங்காலில் அடி. அந்த வலியில் இன்றைக்கு மட்டும் வேலைக்குப் போகவில்லை.

"யாருக்காக விக்கிற அழகரு?"

"உங்களுக்காகத்தான் அத்தை."

"எங்களுக்காகன்னா எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்க வேண்டும் என்று அழகருக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் சந்தோசப்படுவார்கள் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தான்.

"நீ வண்டிய வித்துப்புட்டு கையக் கழுவிக்குவ," என்றாள் கருப்பம்மா. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நா நாளைக்கு விடிய ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகணும். பேர் குடுத்துட்டுக் கூடைய மாட்டணும். யாரு மலை? அவன் மலை. யாரு கொழுந்து? அவன் கொழுந்து. நாங்க எத விக்கிறது?"

"அத்தை சொல்றது நாயந்தான்," என்றான் மாடசாமி. "ஆட்டக் கட்டுவாங்கன்னு சொன்னான். இங்க யாருகிட்ட ஆடு இருக்கு? ஆளுக்கே தனி எடமில்ல."

கருப்பம்மா சிரித்தாள். சிரித்தபடியே வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள்.

"மண்ணு என்னைய விட்டுட்டுப் போச்சுன்னு பால்குடம் நேந்திருக்கேன். அந்த ஜெனரேட்டர் பொகையில என்னால நடக்க ஏலாது தம்பி. நெஞ்சு அடைக்குது. வெளிச்சம் ஒன் உபயம். வெளிச்சத்தக் கொண்டா. அவன் சங்கதிய நாங்க பாத்துக்கிறோம். தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

திரும்பும் வழியில் ரோட்டோரம் நிறுத்தி முன்ஸிப்பைக் கூப்பிட்டான்.

"மனசு மாறிட்டா?" என்றார் முன்ஸிப்.

"மனசு மாறல. வண்டிக்கு வேல இருக்கு."

"பொறகு வெல இன்னும் எறங்கும். என்னைச் சொல்லப் படாது."

"சொல்ல மாட்டேன்."

போனை வைத்தான். விற்றிருந்தால் இதற்குள் மனம் லேசாகியிருக்கும். அந்த லேசைத்தான் கருப்பம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மறுபடி பட்டனை அழுத்தினான். வணக்கம் என்றது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கையில் தேர் கோயில் வாசலில் நின்றது. காருக்குப் பூசை வைக்கப் பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பழகிய இடத்துக்குப் போன விரல் சின்னம் இல்லாததைக் கண்டு நின்றது.

"எங்கப்பா வைக்கிறது?"

"அங்கயே வைங்க சாமி."

பூசாரி இரண்டு விரலால் சந்தனத்தை அள்ளி, பளிச்சென்று நின்ற எழுத்தின் மேல் கனமாக அப்பினார். எழுத்து மறைந்தது. நடுவில் குங்குமம் வைத்தார்.

பிள்ளைகள் வழக்கம்போலக் காரைச் சுற்றி நின்றார்கள். அழகர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். ஏற்றினாலும் குரல் வெளியே கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். அழுத்தினான்.

"வணக்கம். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்."

யாரும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளை யாரும் அதட்டவும் இல்லை. அவர்கள் அப்படியே காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடசாமி வயரைச் செருகினான். தேரில் விளக்குகள் எரிந்தன.

தேர் ஒவ்வொரு லயத்தின் முன்னும் நிற்கும். வீட்டுக்கு ஒரு தட்டு வரும், தேங்காய் உடையும். ஐந்தாம் நம்பர் முடிந்து மேலே ஏறியபோது மேளம் தானாக அடங்கிற்று. ஆறாம் நம்பர் இருந்த இடத்தில் மண் மேடு. அதன் மேல் புல் முளைத்திருந்தது. தேர் அங்கேயும் நின்றது. தட்டு வரவில்லை. பூசாரி சூடத்தை மண் பக்கமாகக் காட்டினார். கருப்பம்மா பால்குடத்தைத் தலையில் தாங்கி, நேராகப் பார்த்தபடி நின்றாள். விளக்கு அவள் முகத்திலும் மண்ணிலும் விழுந்தது. அவள் இருமவில்லை.

சத்தமே இல்லாத வண்டி என்று அழகர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். அன்று அந்தச் சத்தமின்மையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பிரேக்கில் காலை வைத்து, வயர் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, தேர் நகர்வதற்காகக் காத்திருந்தான்.