இன்று ஆரிஃபாவின் முறை

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் சந்து முனையில் ஆம்புலன்ஸ் நின்றபோது ஒரு பெண் சொன்னாள்: "இங்க எறக்காதீங்க. இன்னைக்கு என் முறை இல்ல." அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நின்று கேட்கக் கூச்சம். மீதியெல்லாம் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சக்களத்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி—"

வேண்டாம். அது சண்டைக்குக் காத்திருக்கும் தொடக்கம். நான் கேட்ட குரலில் சண்டை இல்லை.

2

அவளுக்கு ஜைத்தூன் என்று பெயர் வைக்கிறேன். கணவர் மைதீன் ராவுத்தர், மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. அவருக்கு ஒரே சந்தில் இரண்டு வீடுகள். மூத்தவள் ஜைத்தூனுக்குக் கீழ்வீடு. நாலு வீடு தள்ளி, மாடியில், இளையவள் ஆரிஃபா. ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. பிள்ளையில்லாத ஆரிஃபா மனைவி என்பதற்கு அந்த மறுநாள் மட்டுமே அத்தாட்சி.

இனி அவர் நடக்கமாட்டார். இன்று படுக்கவைக்கும் வீட்டில்தான் கடைசிவரை கிடப்பார். அது எந்த வீடு?

3

பக்கத்து வீட்டு ஓமனா தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு வட்டாடீ ஜைத்தூனே, பைத்தியமா? வாசலுக்கு வந்த புருஷனை வேற வீட்டுக்கு அனுப்புறியே!"

"புருஷன் எனக்கும்தான். நாள் அவளோடது."

டிரைவர் அஜீஷ் ஸ்ட்ரெச்சரை ஆரிஃபாவின் மாடிப்படிக்குக் கொண்டுபோனான், ஜைத்தூனும் கூடவே போனாள். வளைவில் அது திரும்பவில்லை. "இத்தா, நடக்காது. எங்க எறக்கணும்னு சீக்கிரம் பறயூ."

மேல்படியில் நின்ற ஆரிஃபா சொன்னாள்: "அக்கா, உங்க வீட்டுக்கே கொண்டுபோங்க. என் முறையை விட்டுக்கொடுத்துட்டேன்."

(நபியவர்கள் கடைசி நோயிலும் மனைவியரின் முறை பார்த்தார்கள், மற்றவர்கள் சம்மதித்த பிறகே ஆயிஷா நாயகியின் வீட்டில் தங்கினார்கள் என்பது மரபு. ஜைத்தூனுக்கும் அது தெரியும். இங்கேயும் சம்மதம் கிடைத்துவிட்டது. கதையை முடித்தும் பார்த்தேன். ஜைத்தூன் ஒத்துக்கொள்ளவில்லை.)

"மனசு கொடுத்தாத்தான் அது விட்டுக்கொடுக்கிறது. மாடிப்படி கொடுக்கச் சொல்லுது, நீ கொடுக்கறே. அது செல்லாது."

"பின்ன என்ன செய்யறது?"

"அவரால நம்மகிட்ட வர முடியாது. நாம போவோம். என் முன்னறை இன்னைக்கு உன் வீடு. பாயை எடுத்துக்கிட்டு இறங்கு."

4

அன்றுமுதல் முறை அப்படியே இருந்தது. அவர் முன்னறையிலேயே கிடந்தார், பெண்கள்தான் மாறி மாறி வந்தார்கள்; ஆரிஃபாவின் நாளில் ஜைத்தூன் அடுக்களையோடு நின்றுகொண்டாள். ஆரிஃபாவின் நாளில் கஞ்சி கொண்டுவரும் ஜைத்தூன் தன் வீட்டு முன்னறைக் கதவையே தட்டி, "வரலாமா?" என்பாள்.

"சொந்த வீட்டுல விருந்தாளி!" என்று ஓமனா சிரிப்பாள்.

"ஆமா, விருந்தாளிக்கு ஒரு சாயா தர்றதுக்குத்தான் பக்கத்து வீட்டுல ஆளில்ல."

(இவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சமும் பொறாமை இராதா? "கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டாள்" என்று எழுதினேன். நோயாளிக்கு ஆகாததை அவள் செய்யமாட்டாள், அடித்துவிட்டேன். பொறாமை இருக்கும். அதை இன்னொருத்தியின் நாளுக்குள் வரவிடாமல் வைத்திருக்கிறாளே, அதைத்தான் வியக்கிறேன்.)

5

ஒரு காலை. ஆரிஃபாவின் நாள். குழறினாலும் அடுக்களைவரை தெளிவாகக் கேட்கும்படி அவர் கூப்பிட்டார்: "ஜைத்தூன்." மீண்டும், "ஜைத்தூன்."

ஆரிஃபா கதவைத் திறந்தாள். கையில் ஈரத் துணி. "உங்களைத்தான் தேடுறாரு, அக்கா. வாங்க."

முதலில், ஜைத்தூன் உள்ளே போகிறாள் என்று எழுதினேன். ஆரிஃபாவின் நாள் அத்தோடு போயிற்று. கேளாததுபோல் இருக்கிறாள் என்று எழுதினேன். அவர் தவித்தார். பிறகு எழுதியது இது:

"இதுக்கா முகத்தைத் தொங்கப்போடறே?" என்றாள் ஜைத்தூன். "என் நாள்ல விடிஞ்சா அடைஞ்சா 'ஆரிஃபா, ஆரிஃபா'தான். பக்கத்துல இல்லாதவளைத் தேடுறதே இந்த மனுஷனுக்கு வேலை. போ, கையைப் பிடிச்சுக்கோ, அடங்கிடுவாரு."

"மெய்யாவா அக்கா?"

"பின்ன?"

ஆரிஃபா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிடும் குரல் அடங்கியது.

6

ஜைத்தூன் சொன்னது உண்மையா? அவளுடைய நாளைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் தெரிந்துவிடும். நான் எழுதவில்லை. ஒருத்தியின் நாளில் இன்னொருத்தி நுழையக் கூடாது, கதை எழுதுகிறவளானாலும்.

நாளை ஜைத்தூனின் முறை. அந்த முன்னறைச் சுவர் மெல்லியது. நின்று கேட்பதும், கேட்காமல் கடந்துபோவதும் உங்கள் விருப்பம்.