சீட்டின் உயரம்

சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கீலிக்குத் தெரிந்தது, கால் தரைக்கு எட்டவில்லை என்று.

தொழிற்சாலை முற்றத்தில் தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் திட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கம்பெனி கொடுத்த பன்றியிறைச்சி பன்னும் டீயுமாகக் கூட்டம் அவளையே பார்த்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் காற்று பக்கவாட்டில் தள்ள, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல காத்து எப்படி கீலி, நல்லா அடிக்குதா?" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிரெய்க் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ, அவ்வளவுதான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திடீரென்று அலிஸ்டருக்கு வீடியோ ஆசை வந்துவிட்டது. "முற்றத்தை ஒரு சுத்து சுத்திட்டு வா கீலி. திட்டத்தை நடத்துறவளே ஓட்டினா நல்லா இருக்கும்ல?"

அலிஸ்டர் நிதிப் பிரிவின் தலைவர். கீலி பணியாளர் பிரிவில் புதியவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு அங்கே கிடைத்த பெருமை, சைக்கிள் திட்டத்தை விளக்கும் பொறுப்பு. கம்பெனி சைக்கிள் வாங்கித் தரும். வரி பிடிப்பதற்கு முன்பே மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். சம்பளம் பெரிதாக இருந்தால் வரி பெரிது, அதனால் லாபமும் பெரிது. அலிஸ்டரின் மலையேறும் சைக்கிள் கிட்டத்தட்ட பாதி விலைக்கு வந்தது. இன்று அது கார் கூரையில் படுத்தபடி வேலைக்கு வந்திருந்தது.

கீலியின் அம்மா மேக்சின் அதே தொழிற்சாலையில் மீன் பொதி கட்டுகிறாள். அவள் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவளும் சைக்கிள் கேட்டாள். கழித்தால் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விடுமாம். கிடையாது என்றது கம்பெனி. சட்டம் அவளைக் காப்பாற்றுகிறதாம்! இருட்டில், மழையில் நடக்கவிட்டுக் காப்பாற்றுகிறது. அதைப் பெற்ற தாயிடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னது கீலிதான்.

அன்றைக்கே தன் பெயரில் சைக்கிள் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டவர்தான் பெரும்பாலும் அதில் வேலைக்கு வர வேண்டும் என்பது விதி. அந்த விதியை எல்லோருக்கும் படித்துக் காட்டுவதும் அவள்தான்.

இப்போது அந்தச் சைக்கிளின் பெடலைத்தான் ஒரு காலால் அழுத்தினாள். சைக்கிள் கோணிக்கொண்டு போய் அலிஸ்டரின் காரை உரசாமல் நின்றது.

பொதி கட்டும் கூடத்தின் கதவு திறந்தது. தலையில் வலைத்தொப்பியோடு மேக்சின் எட்டிப் பார்த்தாள். மகள் விழப்போகிறாள் என்பதுதான் அவள் கண்ணுக்குப் பட்டது.

"இறங்குடி! சீட்டை இறக்கிட்டு ஓட்டு! அது என் உயரத்துக்கு வச்சிருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. கிரெய்க் பன்னைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மேக்சினின் கை தானாக வாயைப் பொத்தியது.

அலிஸ்டர் போனை இறக்கினார். "என் ரூமுக்கு வா."

கீலி உள்ளே வந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"அது யார் ஓட்டுற சைக்கிள்?"

"அம்மா."

"நான் இதை மேலே சொன்னா உன் வேலை போயிடும். தெரியும்ல?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. "உங்க சைக்கிள் இன்னைக்கு எதுல வந்துச்சு அலிஸ்டர்?"

அவர் முகம் சிவந்தது. ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார்.

"நான் விதியை எழுதல," என்றார்.

"நானும் எழுதல. ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லைன்னு சொல்றது நான்தான்."

"திங்கள்லேர்ந்து நீ ஓட்டு. பெரும்பாலும் நீ. நான் பார்ப்பேன்."

வீட்டில் மேக்சின் அழுது முடித்துவிட்டு வழி யோசித்தாள். "காலையில பஸ் இல்ல, நான் எடுத்துட்டுப் போறேன். மதியம் திரும்பி வர எனக்கு பஸ் இருக்கு. சாயங்காலம் நீ ஓட்டிட்டு வா."

"அது பாதிதாம்மா. பெரும்பாலும்னா பாதி பத்தாது."

"பாதிக்கு மேல எவ்வளவு வேணும்?"

"கொஞ்சம்."

"அப்ப சனிக்கிழமை போயிட்டு வா."

"சனிக்கிழமை பூட்டியிருக்கும்மா!"

"ஃபேக்டரி கேட்டு வரைக்கும் போடி. வேலைக்குப் போன மாதிரிதானே?"

சனிக்கிழமை மழை. கீலி சீட்டை இறக்கி, மூச்சிரைக்க மிதித்துப் போனாள். பூட்டிய கேட்டின் மேல் கேமரா இருந்தது. யார் பார்ப்பார்கள், பார்த்தால் நம்புவார்களா, ஒன்றும் தெரியவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி, நனைந்த முகம் நன்றாகத் தெரியும்படி அண்ணாந்து நின்றாள்.